நாலும் ஏழும்

திரையில் எண்பது சதவீதம் என்று காட்டியதும் பெரியவர் சார்ஜரை நிறுத்தினார். கேபிளைத் தரையில் விடாமல் சுருட்டி மாட்டினார்.

"எண்பதுக்கு மேல ஆமை மாதிரிதான் ஏறும். அந்த நேரத்துல இன்னொரு வண்டிக்குப் போட்டுடலாம்," என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

காத்திருந்தவை இரண்டு மின்சாரக் கார்கள். சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கத்தில் சார்ஜரும் இரண்டுதான். ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, 'பழுது' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

முதலில் வந்தது வெள்ளை வண்டி. அதற்கு மூன்று நிமிடம் பின்னால் வந்து சேர்ந்தவன் அவன்.

வீடு வீடாகப் போய்த் திரைச்சீலைக்கு அளவெடுப்பது அவன் தொழில். ஊருக்கு வெளியே ஒரு புது வீட்டில் இருபத்திரண்டு ஜன்னல்கள் அவனுக்காகக் காத்திருந்தன. பதினொரு மணிக்கு வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். நாயாய் அலைந்து பிடித்த வேலை. அதற்குப் போகிற நாளில் பார்த்தா வண்டிக்குச் சார்ஜ் போட மறப்பான் ஒரு மனுஷன்?

மணி பத்து இருபது.

அவன் ஒன்றும் முறைகெட்டவன் இல்லை. அடுத்தவர் ப்ளக்கை ஒருநாளும் பிடுங்கியதில்லை. வண்டியை விட்டு நகர்ந்தால், தன் போன் நம்பரை எழுதிக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் போவான்.

வெள்ளை வண்டியின் ஜன்னலருகே போய்க் குனிந்தான். உள்ளே ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்.

"எவ்வளவு இருக்கு மேடம்?"

"நாலு. உங்களுக்கு?"

"ஏழு."

முதலில் வந்ததும் அவள். குறைவாக இருப்பதும் அவளுக்கு. இதற்கு மேல் கேட்க அவனுக்கு வாயே இல்லை.

ஆனால் வாய் திறந்துகொண்டது.

"அம்மாவுக்கு ஆபரேஷன், மேடம். பதினொரு மணிக்கு. உள்ள கொண்டுபோறதுக்குள்ள ஒரு தடவை முகத்தைப் பாத்துடணும்."

எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?"

வரும் வழியில் கண்ணில் பட்டதைச் சொன்னான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே, அது."

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

அது மட்டும் நிஜம். அந்த நேரத்துக்கு அம்மா வீட்டில், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டிக்கொண்டே துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் பெண் அவனை ஒரு கணம் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டாள்.

"போடுங்க தம்பி. ஏசியை அணைச்சுடுங்க, கொஞ்சம் சீக்கிரம் ஏறும்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதுகூட இயல்பாகத்தான் வந்தது.

ப்ளக் 'டக்'கென்று பொருந்தியது. எட்டு. ஒன்பது. இருபது நிமிடம் கிடைத்தால் போதும், ஜன்னல்கள் தப்பித்துவிடும். அவன் நிம்மதியாகக் காரில் சாய்ந்து நின்றான்.

அந்தப் பெண் இறங்கி வந்து, சற்றுத் தள்ளி நின்று போனில் பேசினாள். ஒட்டுக்கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு சத்தமே இல்லை.

"நான்தான். வர அரை மணி நேரம் லேட் ஆகும். டாக்ஸி கூப்பிட்டாலும் அதே நேரம்தான். சரி, அதை விடு. நம்ம ஆஸ்பத்திரியில பதினொரு மணி ஆபரேஷனுக்கு யாரையாவது புதுசா சேர்த்திருக்கீங்களா? அறுபத்தெட்டு வயசு அம்மா ஒருத்தங்க. நான் பார்க்கவே இல்லையே. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பாத்தாச்சா? லிஸ்டை நல்லாப் பாரு."

அவன் முதுகு காரை விட்டு எழுந்தது.

மறுமுனையில் யாரோ தாளைப் புரட்டுகிறார்கள் போலும். அவள் காத்திருந்தாள்.

"இல்லையா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப லிஸ்ட்ல அந்தப் பாப்பா மட்டும்தான். அழறாளா? ராத்திரியிலேர்ந்து வெறும் வயிறு, அழத்தான் செய்வா. தூக்கி வெச்சுக்கச் சொல்லு. பாவம்னு யாரும் தண்ணி குடுத்துடப் போறாங்க. நான் வந்து கை கழுவினதுக்கப்புறம் உள்ள கூட்டிட்டு வந்தாப் போதும்."

திரையில் பதினொரு சதவீதம்.

அவன் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். அவசரத்தில் ப்ளக் கழன்று வர மறுத்தது. வண்டிப் பூட்டைத் திறந்தால்தான் விடும் என்பது தினமும் செய்கிறவனுக்கே மறந்துபோயிற்று. இரண்டாம் முறை வந்தது. காரைப் பின்னால் எடுத்தான். குறுக்கே நிறுத்தி, சரியில்லை என்று மறுபடி நகர்த்தினான்.

அவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் இறங்கி, சார்ஜ் போடும் மூடியைத் திறந்தாள். அவனே சொருகினான். திரையில் நாலு என்று வந்தது.



"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, மேடம்," என்றான். "வீட்லதான் இருக்காங்க. நல்லா இருக்காங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லது," என்றாள்.

அவன் அதில் கோபத்தைத் தேடினான். கிடைக்கவில்லை. யாரோ ஒரு அறுபத்தெட்டு வயது அம்மா பிழைத்துவிட்டாள் என்பதுபோல அவள் மூச்சை விட்டாள்.