கைராசி

தீப்பெட்டி ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் மருந்து கலக்கிய தேவாசீர்வாதத்திடம் கலவை நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் முதலாளி. அந்த இடத்துக்குத் தம் மைத்துனனைக் கொண்டுவந்தார். பத்தே நாளில் தேவாசீர்வாதத்தைத் தேடி ஆள் வந்தது. ஆபீஸுக்குப் போனவரிடம் முதலாளி சொன்னார்:

“நோட்டுல உள்ளபடிதான் மச்சினன் கலக்குறான். உரசினா மருந்து உதிருது. எடையைச் சரிபாத்தாச்சு, வேற பசையும் வாங்கியாச்சு. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சா வேலை உமக்குத்தான்வே.”

“நோட்டைப் பிடுங்கிக்கிடலாம் முதலாளி. கைராசியைப் பிடுங்க முடியுமா? கருப்பம்மாளைக் கேளுங்க.”

பசை காய்ச்சும் கருப்பம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “உங்க கைராசி யாருக்கு வரும்யா!” என்று தினமும் சொன்னவள் அவள்தான்.

முதலாளி பக்கத்திலேயே நிற்க, தேவாசீர்வாதம் தாமே தராசில் எடை போட்டு, தாமே கலக்கினார். குச்சிகள் காய்ந்ததும் ஒன்றை உரசினார். மருந்து உதிர்ந்தது. பத்தாவது குச்சியிலும் உதிர்ந்தது.

“நோட்டுப்படி கலந்தா என்னைக்குமே உதிரும்யா,” என்றாள் கருப்பம்மாள். “நீங்க அங்கிட்டுத் திரும்பினதும் நாந்தான் ரெண்டு கரண்டி பசை கூட ஊத்துவேன். புது ஆளு என்னைக் கிட்டவே விடலை. இன்னைக்கு முதலாளி நகரவே இல்லை.”

“பன்னிரண்டு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லலியே, கருப்பம்மா!”

“சொன்னா கேப்பீகளா? அதான் கைராசின்னு சொல்லி வச்சேன்.”

“இதை நீரே வச்சுக்கிடும்வே,” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்த முதலாளி, தராசைக் கருப்பம்மாள் பக்கம் நகர்த்தினார்.