ஆட்சேபம் இல்லை

“நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரிதாங்கம்மா” என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார் சலூன்காரர்.

அதிகாரியின் உதவியாளருக்கு முகம் மலர்ந்தது. “பதிவாயிடுச்சு மேடம். சம்மதம்.”

சுவரோரம் நின்றிருந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஐயோ அண்ணே, மரியாதை காட்டுறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா?

நாடு முழுக்கச் சின்ன ஆஸ்பத்திரிகளை மூடி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு சேர்ப்பது அரசாங்கத்தின் புதுச் சீர்திருத்தம். கஜானா காலி என்று காரணம் சொன்னார்கள். ஆனால் மூடுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். யாராவது எதிர்த்துப் பேசி, அது ஒலிப்பதிவில் ஏறிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆராய வேண்டும். யாரும் எதிர்க்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அடுத்த மாதமே பூட்டு.

நர்ஸ் பேச முடியாது. அரசு ஊழியர் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அதனால்தான் வீடு வீடாக ஏறி இறங்கி, “வந்து நாலு வார்த்தை பேசுங்க” என்று கெஞ்சியிருந்தாள். வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கூடம் நிறைய, சலவைச் சட்டையும் வாரிய தலையுமாக. தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரியம்மாவைப் பார்த்ததும் ஆளாளுக்கு உருகிவிட்டார்கள்.

“பெரியவங்க நீங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் லாரி டிரைவர்.

“சம்மதம்” என்றார் உதவியாளர்.

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல்காரி எழுந்தாள். நர்ஸ் நிமிர்ந்தாள். இவள் விடமாட்டாள். இவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

“வணக்கம் மேடம். அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்.”

உட்கார்ந்துவிட்டாள்.

“முடிச்சுடலாமா மேடம்? ஆட்சேபம் இல்லைன்னு போட்டுடறேன்.”

அதிகாரி மேஜைமேல் இருந்த ஒலிப்பதிவுக் கருவிமீது சாவகாசமாக விரலை வைத்தார். அதன் சிவப்பு விளக்கு அணைந்தது.

“உங்களுக்கெல்லாம் எதுக்குய்யா ஆஸ்பத்திரி?”

கூடம் திடுக்கிட்டது.

“ஃபேன் காத்து வாங்கவும், ஓசி மாத்திரை வாங்கவும்தானே வர்றீங்க?”

விரலை எடுத்தார். விளக்கு எரிந்தது.

“அப்படியெல்லாம் இல்லீங்கம்மா...” என்று இழுத்தார் டிரைவர்.

மறுபடி விரல். மறுபடி விளக்கு அணைந்தது.

“இதுல பிரசவ வார்டு வேற! வலி வந்தா பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே? சீர்திருத்தம்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கணும்.”

நர்ஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகாரி! தான் திட்டுறது மட்டும் பதிவாகக் கூடாதாம்.

நாற்காலி விழுகிற சத்தம். தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். விரல் விலகியது, விளக்கு எரிந்தது.

“பொறுத்துக்கணுமா? எங்க, நீங்க பொறுத்துக் காட்டுங்க பார்ப்போம்! வலியோட அந்த பஸ்ல, அந்த ரோட்டுல உக்காந்து போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம் சீர்திருத்தத்தை. எங்கக்கா போனா. பஸ் பாதி வழி தாண்டல, பிள்ளையும் போச்சு, அவளும் போனா. அதுக்கப்புறம் சண்டை போட்டு வாங்கினதும்மா இந்த ஆஸ்பத்திரி. நாங்க என்ன ஓசியிலயா கேட்டோம்?”

“அந்த ரோட்டுல சிமெண்டு மூட்டை ஏத்திட்டுப் போகவே நான் யோசிப்பேன்” என்று டிரைவரும் எழுந்தார். குரலில் இப்போது இழுவை இல்லை. “பிள்ளைத்தாச்சியை ஏத்திட்டுப் போகச் சொல்றீங்க!”

“யோவ், நான் சொன்னதை அடிய்யா!” சலூன்காரர் உதவியாளரை நோக்கிக் கையை நீட்டினார். “மரியாதைக்குச் சொன்னா சம்மதம்னு எழுதிக்குவியா? உங்க இஷ்டம்போல வெட்டுங்கன்னுதான் என் கடைக்கு வர்ற எல்லாரும் சொல்றாங்க. அதுக்காக நான் மொட்டையா அடிச்சு அனுப்பறேன்? மூடக் கூடாதுன்னு எழுது!”

“மூடக் கூடாது!” என்றது பின்வரிசை. சன்னலுக்கு வெளியே நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள் இந்தக் குரலை என்று நர்ஸுக்கு மலைப்பாக இருந்தது. சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டு, மேஜையில் காலியாக இருந்த தண்ணீர்க் குவளைகளை எடுக்கிற சாக்கில் முன்னால் போனாள்.

உதவியாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரியின் பக்கம் குனிந்தார். விரல் கருவிமேல் வந்து உட்கார்ந்தது.

“என்ன மேடம் நீங்க! சும்மா இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். இப்ப எல்லாம் முதல்லேர்ந்து. மேலே நம்மளைக் காய்ச்சி எடுக்கப் போறாங்க.”

“என்ன பண்றது? எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.”

முன்வரிசையில் தையல்காரியின் மாமியார் இன்னும் உட்கார்ந்தே இருந்தாள். காசநோயில் தொண்டை போனவள். அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கே சரியாகக் கேட்காது.

“பூட்டுப் போட்டா... உடைப்போம்” என்றாள்.

அதிகாரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். திரும்பியபடியே விரலை எடுத்தார். சிவப்பு விளக்கு எரிய, கருவியை மேஜையின் விளிம்புவரை, அந்த அம்மாளுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.