‘எனவே’ ஒன்று குறைகிறது

“இந்தப் பொம்பளைய மொதல்ல வீட்டை விட்டு அனுப்புங்க மேடம்” என்றார் மொழிப் பிரிவுத் தலைவர்.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “யாரை சார்?”

“பத்தியில வர்றவளைத்தான். வேற யாரை?”

அது நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம். மாதிரித் தேர்வுக்குப் பத்தி எழுதுவது அவள் வேலை. திருத்திக் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்புவது அவர் வேலை. பத்தியின் நடுவே கோடிட்ட இடம் ஒன்று இருக்கும். அதில் ‘எனவே’ வருமா, ‘இருப்பினும்’ வருமா, ‘மேலும்’ வருமா என்று மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

அவர் உடைத்துக்கொள்வதில்லை. கோட்டுக்கு முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி, அவ்வளவுதான் படிப்பார். மீதியையும் படிக்கிறவன் உருப்பட மாட்டான் என்பது அவர் கட்சி. இதையே சொல்லிச் சொல்லி ஊரில் பெரிய ஆளாகிவிட்டார். மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டு வரி சார்’.

மையத்தில் இன்னொரு கெடுபிடியும் உண்டு. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாரும் சார், மேடம்தான். வரவேற்பு மேசைக்கு வேலைக்கு வந்த பாவத்துக்கு, உரிமையாளரின் மாமியாரே மாப்பிள்ளையை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டாக வேண்டும்.

“ஒரே ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்க சார்” என்றாள். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. எழுதியதை அவர் முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும், அதைத் தவிர அன்று அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பத்தி ஒன்றும் பெரிய காவியமில்லை. ஒரு கணவன், ஒரு மனைவி. அவள் வாயைத் திறந்தால் போதும், அவனுக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும். காய்ச்சலில் கிடந்தவளிடம் ‘மாத்திரை போட்டியா’ என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தெருமுனை தாண்டியிருப்பான்.

அதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. பென்சில் நேராகக் கோட்டில் போய் நின்றது.

“‘பதினோரு வருடங்களில் அவள் சொன்ன எதையும் அவன் கடைசிவரை கேட்டதில்லை. டேஷ், அவள் அவனை விட்டுப் போகவில்லை.’ விடை, இருப்பினும். சரியாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம்.”

“ஏன் சார்?”

அவர் விடைப்பட்டியலைத் திருப்பிக் காட்டினார். “ஏற்கெனவே நாலு ‘இருப்பினும்’ இருக்கு. ‘எனவே’ ஒண்ணு குறையுது. பசங்க கண்ணை மூடிக்கிட்டு இருப்பினும்னு குத்திட்டுப் போயிடுவானுங்க. பின்வரியை மாத்துங்க. ‘எனவே, அவள் அவனை விட்டுப் போய்விட்டாள்.’ கணக்கு சரியாப் போச்சு.”

“அவ இருக்கணும்னு நெனச்சுத்தான் சார் எழுதினேன்.”

“நீங்க நெனச்சாப் போதுமா? லாஜிக் வேண்டாமா மேடம்? பதினோரு வருஷமா ஒருத்தன் காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். எவ இருப்பா?”

“அப்போ போகலாங்கறீங்க?”

“தாராளமாப் போகட்டும். நான் இருந்தா ஆட்டோ பிடிச்சுக் குடுப்பேன்.”

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கண்றாவியாகச் சிரிப்பும் வந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள். “அந்த ஆளு தேட மாட்டாரா சார்?”

“அவனா? அவ போனது தெரியறதுக்கே ரெண்டு நாள் ஆகும்!”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடித்தார். பின்வரியை அடித்தார், மேலே புதிதாக எழுதினார், ஓரத்தில் ‘சரி’ என்று போட்டுக் கையெழுத்திட்டார். “இந்த மாசம் நீங்க எழுதினதுலயே இதுதான் உருப்படி மேடம். போகிற காரணம் பளிச்சுனு தெரியுது.”

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, யாராவது ஒருவர் படித்தாக வேண்டுமே என்பதுபோல், தானே நிதானமாகப் படித்தாள். பிறகு அதை அச்சுக்குப் போகும் கோப்பில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அவர் அதற்குள் அடுத்த பத்தியில் கோடு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்திருந்தார்.

அவள் கதவருகே நின்று, முதல்முறையாக அந்த மையத்தின் கெடுபிடியை மீறினாள்.

“நம்ம வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேங்க.”