நோட்டீஸ் போகும் விலாசம்

வக்கீல் அம்மாவின் அறையில் வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. எதிரே தையல்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். "விவாகரத்து மனு போட்டதும் கோர்ட்டிலிருந்து உன் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகும்மா. அவர் விலாசம் சொல்லு." "நான் இருக்கற அதே வீடுதான் மேடம்." வக்கீலின் பேனா நிற்கிறது. தெருவில் ஹாரன் கேட்டு தையல்காரி சட்டென்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். கணவன் வண்டி இல்லை. "வழக்கு முடிய ஒரு வருஷமாவது ஆகும். வேற எங்கயாவது தங்க முடியுமா?" "அக்கா வீட்டுல கேட்டேன். மாமா வாயே திறக்கல." கன்னத்துக் காயத்தின் மேல் அப்பிய பவுடர் வியர்வையில் கரைகிறது. "அந்தத் தபால் என்னிக்கு வரும்னு முன்னாடியே சொல்வாங்களா?" "இல்லம்மா. எந்த நாளும் வரலாம்." அவள் பேனாவை வாங்கி மனுவில் நிதானமாகக் கையெழுத்துப் போடுகிறாள். "பரவாயில்ல மேடம். இப்பவும் தினமும் அப்படித்தானே பயந்துட்டு இருக்கேன்."