மிச்ச ரொட்டி

வந்தவன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்தான்.

ஆணியில் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

ஷம்சியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ருஷ்யாவில், காமா நதிக்கரைத் தாத்தாரியர் ஊர்களில், போருக்குப் போகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் படி இறங்குவான். மிச்சத்தைப் பையில் போட்டு மாட்டிவைப்பார்கள். திரும்பி வந்து அவனேதான் தின்று முடிக்க வேண்டும். ரொட்டி காத்திருக்கும்வரை அவன் உயிருக்கு ஒன்றும் ஆகாது.

அவள் புருஷனும் கடித்துவிட்டுத்தான் போனான். முன்பல் ஒன்று இல்லாத வாய். கடித்த இடத்தில் அந்தப் பல்லுக்கு நேராக மட்டும் ரொட்டி துருத்திக்கொண்டு நின்றது. அதை எடுத்துப் பார்த்து எத்தனை முறை தனியாகச் சிரித்திருப்பாள்!

மகள் மின்சிலு அப்போது வயிற்றில் இருந்தாள்.

மூன்றாவது குளிர்காலம் முடியும்போது வீட்டில் ஒன்றுமே இல்லை. பனி உருகிய வயலில் அழுகிய உருளைக்கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். பிள்ளை அழுவதையும் நிறுத்திவிட்டாள். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு மாரடித்துவிடலாம். அழாத பிள்ளையை என்ன செய்வது?

அவள் பையை இறக்கினாள்.

கல்லாகக் காய்ந்திருந்ததை வெந்நீரில் ஊறவைத்து ஊட்டினாள். துருத்திக்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

அந்த மாதத்தோடு அவன் கடிதமும் நின்றுபோனது.

நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தாள். பாவி, வேறு எப்படி நினைப்பாள்? வாய் திறக்கவில்லை. பைக்குள் ஒரு கந்தலைத் திணித்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

இன்று காலை, படகுத்துறையில் அவனைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு பீபிநூர் ஓடிவந்தாள். அவளிடம்தான் ஷம்சியா முதல்முறையாக ரொட்டி போன கதையைச் சொல்லி அழுதாள்.

பீபிநூர் விவரமானவள்.

"இருக்கிற ரொட்டியில ஒரு கடி கடிச்சு உள்ளே போட்டுடுடி ஷம்சியா. யாருக்குத் தெரியப்போகுது?"

கடித்தும் பார்த்தாள். வரிசை மாறாமல் அத்தனை பல்லும் பதிந்தது. நல்ல பல் இருந்தாலும் வம்புதான். அந்த ரொட்டியை மூடிவைத்துவிட்டாள்.

இப்போது அவன் பையை இறக்கினான். கைவிட்டான்.

கந்தல் வந்தது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் இளைத்து, தாடி நரைத்திருந்தது. எந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று தேடினாள்.

"இவளுக்கு ஊட்டிட்டேன்," என்றாள்.

கதவுக்குப் பின்னால் நின்று மின்சிலு எட்டிப் பார்த்தாள். யாரோ ஓர் ஆள் தன் வீட்டுப் பையைக் குடைவது அவளுக்குப் பிடிக்கவில்லை. முறைத்தாள்.

அவன் வெகுநேரம் பிள்ளையைப் பார்த்தான்.

பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு தரையில் உட்கார்ந்தான். சாப்பாட்டுக்கு உட்காருகிற மாதிரி. கையை நீட்டிப் பிள்ளையை அருகில் இழுத்தான்.

"பிஸ்மில்லா" என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்ன மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனான்.

மின்சிலு கூச்சத்தில் கிறீச்சிட்டுச் சிரித்தாள். கையைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடிவந்து காட்டினாள்.

ஈரத்தோடு லேசாகப் பல் தடம்.

நடுவில் ஒரு பல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.