உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று

"எங்கப்பா துப்பாக்கில மட்டும் கைய வெச்சே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!" என்று கத்தினான் வெர்ல்.

நடீன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பழைய மான் வேட்டைத் துப்பாக்கியைத் துணியால் துடைத்துக் கணவனின் மடியிலேயே வைத்தாள். "இது உங்கப்பா உனக்குக் குடுத்தது. இது கணக்குலயே வராது. நீயே வெச்சுக்கோ."

வெர்லுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐடஹோ மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படியொரு மனைவி கிடைக்கமாட்டாள் என்று நினைத்தான்.

சாப்பாட்டு மேசையிலும் சோபாவிலுமாக இருபத்திரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. எல்லாம் முப்பத்தொரு வருட மணவாழ்க்கையில் சேர்ந்தவை. மலையடிவாரத்து ஓடைக்கரையில் பன்னிரண்டு ஏக்கரும் ஒரு மரவீடும் விலைக்கு வந்திருந்தன. நடீனின் அம்மா விட்டுப்போன பணம் முக்கால்வாசிக்குத்தான் வந்தது. துப்பாக்கிகளில் கொஞ்சத்தை விற்றால் மீதியும் தேறிவிடும் என்று அவள்தான் சொன்னாள்.

நியாயமாகப் பார்த்தால், சொந்தமாக ஓர் ஓடைக்கரை வீடு என்பது கல்யாணமான வருடத்திலிருந்தே அவள் ஆசை. வாடகை வீட்டிலேயே வாழ்ந்து அலுத்தவள் ஒவ்வொரு வருடமும் கேட்பாள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பான் மகராசன். அடுத்த மாதமே புதுத் துப்பாக்கியும் கையுமாக வாசலில் வந்து நிற்பான். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவளுக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. அதுவும் அவன் தோளுக்கு அளவெடுத்துச் செய்தது!

அவள் முகம் வாடும்போதெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான். "எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறே? இதுல பாதி உன்னுதுதானே!" சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான்.

"சரி, இதுல எதையெல்லாம் விக்கறது?" என்று இப்போது கேட்டான் வெர்ல்.

"வெச்சுக்கறதுக்கு நீ ஒண்ணு எடு. விக்கறதுக்கு நான் ஒண்ணு எடுக்கறேன். மாத்தி மாத்தி எடுத்தா சண்டையே வராது."

"பசங்க கோலி பிரிச்சுக்கற மாதிரியா?" சிரித்துக்கொண்டே முதல் துப்பாக்கியை எடுத்துத் தன் பக்கம் வைத்தான்.

நடீன் யோசிக்கவே இல்லை. சோபா மூலையில் கிடந்த பழைய குதிரைப்படைத் துப்பாக்கியை எடுத்தாள்.

"அடிப்பாவி! அதுக்குத்தான் விலை ஜாஸ்தின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் சாப்பிடறப்ப நீதானே சொன்னே. எனக்குக் காது இருக்கே."

ஆளுக்குப் பதினொன்று. அன்று மத்தியானமே துப்பாக்கிக் கடைக்காரர் ஓரின் வந்துவிட்டார். நடீன் எடுத்த பதினொன்றையும் வெர்ல் ஒவ்வொன்றாகத் தடவித் தடவிக் கொடுத்தான்.

"என்னப்பா, சாவு வீடு மாதிரி இருக்கு?" என்றார் ஓரின்.

"வயசான காலத்துல நானும் இவளும் ஓடைல மீன் பிடிச்சுக்கிட்டு நிம்மதியா கெடக்கலாம்ல. அதுக்காகத்தான் மனசக் கல்லாக்கிக்கிட்டுக் குடுக்கறேன்" என்றான் வெர்ல். நடீன் சமையலறைக்குள் போய்விட்டாள்.

வீட்டைப் பதிவு செய்யும் நாளில் பத்திர ஆபீஸில் அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று ஊரில் துப்பாக்கிச் சந்தை. அவள் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். "வாங்கப் போறதில்லடி, சும்மா பார்க்கத்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அடுத்த சனிக்கிழமை பெட்டிகளை அவனுடைய வண்டியில் ஏற்றினார்கள். துப்பாக்கி அலமாரியை நகர்த்தப் போனவனை அவள் தடுத்தாள். "அது இங்கயே இருக்கட்டும்." சரி, அடுத்த நடையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தன் மீன்தூண்டிலை மட்டும் பெட்டிகள் மேல் செருகினான். ஒரே வண்டியில் போகலாமே என்றதற்கு, "என் காரும் அங்க வேணும்" என்று அவள் தனியாகப் பின்னால் வந்தாள்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. வெர்ல் குழந்தை மாதிரி குதித்தான். வீட்டு முன்தாழ்வாரத்தில் ஓர் ஆடும் நாற்காலி கிடந்தது.

"என்னடி, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு?"

"ஒண்ணு போதும்."

கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தபடி தொப்பியைக் கதவோரத்து ஆணியில் மாட்டினான். நடீன் அதை எடுத்து அவன் தலையிலேயே வைத்தாள். தூண்டிலைக் கையில் கொடுத்தாள். கூடவே ஓர் உறையையும்.

"வக்கீல் குடுத்த விவாகரத்துக் காகிதம். இனிமே நான் இங்க, நீ அங்க. இந்த வீட்டுப் பத்திரத்துல உன் பேரு இல்ல. வீட்ட முழுசா என் பேருக்கு விட்டுத்தர்றதா அன்னிக்கு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே."

வெர்ல் உறையைத் தரையில் வீசியெறிந்தான்.

"துரோகி! முப்பத்தொரு வருஷம் கூடவே இருந்து கழுத்த அறுத்திட்டியேடி! என் உசுரையே தூக்கிக் குடுத்தேனே! என் துப்பாக்கிய வித்து வாங்கின வீட்லேருந்து என்னையே துரத்தறியா?"

நடீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"உன் துப்பாக்கி பதினொண்ணும் அலமாரில பத்திரமா இருக்கு, வெர்ல். நான் வித்தது என் பாதிய."