ஆமெனுக்கு முன்

காதுக்குள் பதித்த கருவி, விழித்திருக்கும் நேரமெல்லாம் விளம்பரம் பேசும். ஜெபத்துக்கு மட்டும் அரசாங்கம் விலக்கு கொடுத்திருந்தது. ‘பிதாவே’ என்றால் அது வாயை மூடும். அவரவர் வாயால் ‘ஆமென்’ சொன்னதும் மறுபடி தொடங்கிவிடும். அதனால் தவசிங்கும் அவர் மனைவி எப்சிபாளும் வீட்டுப் பேச்சையெல்லாம் ஆண்டவரிடமே பேசிப் பழகியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்சிபாள் மூச்சு வாங்கச் சொன்னாள்: “பிதாவே, இவங்க காலையிலிருந்து பட்டினி. ரெண்டு இட்லியாவது சாப்பிட வையும்.”

“இவ எந்திரிச்சு உக்காரட்டும் பிதாவே, சாப்பிடுறேன்” என்றார் தவசிங்.



மதியம் நர்ஸ் வந்து எப்சிபாளின் முகத்தை மூடினாள். “முடிஞ்சிருச்சுய்யா. ஆமென் சொல்லிட்டு எழுந்திரிங்க.”

தவசிங் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பிதாவே, இந்த நர்ஸ் பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். எப்சிபா கடைசியா பேசுனது இன்னும் என் காதுலேயே இருக்கு.”